போதுமா, போதாதா?

விடை என்ன என்று கேட்டால், சரியோ தவறோ, உடனே ஒன்றைச் சொல்லிவிட நம்மில் பலர் ஆயத்தமாக இருக்கிறோம். அந்த விடையைச் சொல்வதற்கு உன் கையில் உள்ள செய்தி போதுமா என்று கேட்டாலோ, பெரும்பாலோர் தடுமாறிப் போகிறோம். இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியே இம்மாதம் நம் குடும்பங்களோடு பேச விழைகிறோம்.

அதற்குக் காரணம் உண்டு. சில வாரங்களுக்கு முன் மேலூர்ச் சாலையை அடுத்த ஒரு பங்கிற்கு நாம் சென்றிருந்தோம். ஞாயிறு திருப்பலி முடிந்து, கோயில் முற்றத்து வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தபோது, பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் சிறிது நிலம் வைத்துப் பிழைக்கும் ஒருவர் தம் மனைவியோடும் மகனோடும் நம்மிடம் வந்தார். மகன் பட்டதாரி; வங்கி எழுத்தர் தேர்வை இருமுறை எழுதி, இருமுறையும் தவறியவன்.

"ஐயா, இவன் படிக்கவே இல்லை. படித்திருந்தால் தேறியிருக்க மாட்டானா? இனிப் பயிற்சிக்குப் பணம் கட்டுவதாக இல்லை. திருப்பூருக்கு அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன்" என்றார் தந்தை. தாய் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். மகன் தரையைப் பார்த்தபடி நின்றான்; ஒன்றும் சொல்லவில்லை.

திருப்பூரில் உழைத்துப் பிழைப்பது இழிவன்று; எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போடுகிறது. ஆனால் ஒரு மகனைச் சோம்பேறி என்று முத்திரை குத்தி அனுப்புவது வேறு செய்தி. ஆகவே அவனைச் சற்று அழைத்துப் பேசினோம். அவன் வீட்டிலிருந்து எடுத்து வந்து காட்டிய மூன்று தடித்த நோட்டுப் புத்தகங்களும் கணக்குகளால் நிரம்பியிருந்தன. "எங்கேயப்பா இடறுகிறது?" என்று கேட்டோம். "கணக்கெல்லாம் வருகிறது ஐயா. டேட்டா சஃபிஷியன்ஸி என்று ஒரு வகை வருகிறதே, அங்கேதான் நேரமெல்லாம் போய்விடுகிறது. கணக்கையும் போட்டுவிடுகிறேன், ஆனாலும் விடை தப்பாகிவிடுகிறது" என்றான்.

கணக்கு சரி, விடை தப்பு! இது எப்படி நேரும் என்று வாசகர்கள் வியக்கலாம். அதை விளக்குவதே இக்கட்டுரையின் முதற் பகுதி.

தமிழில் இவ்வகையைத் தரவுப் போதுமை வினா எனலாம். முதலில் ஒரு கேள்வி தரப்படும். அதன்கீழ் இரண்டு கூற்றுகள் இருக்கும். கேள்விக்கு விடை கண்டுபிடி என்று இங்கே கேட்பதில்லை. விடை காண முதற்கூற்று மட்டும் போதுமா, இரண்டாம் கூற்று மட்டும் போதுமா, இரண்டில் எது ஒன்றும் தனியே போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, இரண்டும் சேர்ந்தாலும் போதாதா என்பதே கேள்வி. இந்த ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் எழுதும் தேர்வுகள் பலவற்றில் இது இடம்பெறுகிறது. மத்தியத் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணி முதனிலைத் தேர்வில் 2011-ஆம் ஆண்டு முதல் உள்ள திறனறித் தாளின் பாடத்திட்டத்திலேயே தரவுப் போதுமை என்பது பெயர் சுட்டிக் குறிக்கப்பட்டுள்ளது. அத்தாளில் 80 வினாக்கள். இரண்டு மணி நேரம். ஆக ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். மொத்தம் 200 மதிப்பெண். 2015 முதல் அதில் 33 விழுக்காடு பெற்றால் போதும் என்பது விதி. தவறான விடைக்கு அவ்வினாவுக்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். அரசுடைமை வங்கிகளுக்காக 2011-இல் தொடங்கிய பொது எழுத்துத் தேர்வுகளில் கழிவு நான்கில் ஒரு பங்கு. எழுத்தர் பணித் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 வட்டார மொழிகளிலும் நடத்த வேண்டும் என 2021-இல் மத்திய நிதி அமைச்சகம் பரிந்துரைத்த பின், மொழித் தடையும் குறைந்தது. வெளிநாடுகளில் மேலாண்மைப் படிப்புக்குச் செல்வோர் எழுதும் ஜிமேட் தேர்விலும் இவ்வகை நெடுங்காலமாக உண்டு.

இப்படி ஒரு வினாவை ஏன் கேட்கிறார்கள்? அலுவலகத்தில் அமர்ந்திருப்பவரின் அன்றாட வேலை இதுவே என்பதால்தான். கடன் கேட்டு ஒருவர் நீட்டும் தாள்கள் முடிவெடுக்கப் போதுமா, இன்னும் ஒன்று வேண்டுமா என்று வங்கி ஊழியர் பார்க்க வேண்டும். நமக்கு நன்கு தெரிந்த வைகை அணையையே எடுத்துக்கொள்வோம். 1959-இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையில் 71 அடி வரை நீரைத் தேக்கலாம். நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை விடுப்பது வழக்கம். "நீர்மட்டம் 66 அடி" என்று நாளிதழில் படித்தவுடன், "நாளையே அணை நிரம்பிவிடும்" என்று தேநீர்க் கடையில் சொல்லிவிடலாம். பொறியாளர் அவ்வாறு சொல்ல மாட்டார். நொடிக்கு எத்தனை கன அடி நீர் வருகிறது என்று கேட்பார். எவ்வளவு வெளியேறுகிறது என்றும் கேட்பார். ஒரே ஓர் எண்ணைக் கொண்டு நாளை நடப்பதைச் சொல்ல இயலாது என்று அறிந்தவரிடமே மதகின் திறவுகோலை நம்பி ஒப்படைக்கலாம்.

இனி முறையைக் காண்போம்.

முதற்படி, கேள்வியை மட்டும் படித்து, எது தெரிந்தால் விடை கிடைக்கும் என்று கூற்றுகளைப் பார்க்குமுன்பே மனத்தில் வகுத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் கூற்றுகளுக்குள் பாய்பவன், எதைத் தேடுகிறோம் என்றே அறியாமல் சந்தைக்குள் நுழைந்தவனுக்கு ஒப்பாவான்.

இரண்டாம் படி, முதற்கூற்றைத் தனியே ஆராய்க. அப்போது இரண்டாம் கூற்றைக் கையால் மறைத்துக்கொள்வது நலம். கணினித் திரையிலும் கையால் மறைக்கலாம்; எவரும் தடுக்கப் போவதில்லை. மூன்றாம் படி, முதற்கூற்றை அறவே மறந்துவிட்டு இரண்டாவதைத் தனியே ஆராய்க. இரண்டும் தனித்தனியே போதாமற்போனால் மட்டுமே நான்காம் படியாக இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தனித்தனியே ஆராய்வது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு நம் திருவிவிலியத்திலேயே சான்று உண்டு. தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரத்தில், குற்றமற்ற சூசன்னாவின்மேல் முதியோர் இருவர் பழி சுமத்துகின்றனர். இருவரும் சேர்ந்து பேசியபோது மக்கள் கூட்டம் நம்பிவிட்டது. மரண தண்டனையும் விதித்துவிட்டது. இளைஞர் தானியேல் என்ன செய்தார்? இருவரையும் ஒருவரிடமிருந்து ஒருவரை விலக்கி நிறுத்தினார்; எந்த மரத்தடியில் கண்டீர் என்று தனித்தனியே வினவினார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். சேர்ந்திருந்தபோது வலுவாகத் தோன்றிய சாட்சி, பிரித்தபோது உதிர்ந்து போயிற்று. ஓர் உயிர் பிழைத்தது.

எடுத்துக்காட்டுகளுக்கு வருவோம். ஒரு பெற்றோரின் திருமண நாள் அம்மாதத்தில் எந்தத் தேதி என்பது கேள்வி. முதற்கூற்று: அது 11-ஆம் தேதிக்குப் பின், 15-ஆம் தேதிக்கு முன் என்று மகளுக்கு நினைவிருக்கிறது. இரண்டாம் கூற்று: அது 13-ஆம் தேதிக்குப் பின், 17-ஆம் தேதிக்கு முன் என்று மகனுக்கு நினைவிருக்கிறது. மகள் சொல்வதிலிருந்து 12, 13, 14 என மூன்று தேதிகள் கிடைக்கின்றன, போதாது. மகன் சொல்வதிலிருந்து 14, 15, 16, அதுவும் போதாது. இரண்டுக்கும் பொதுவானது 14 ஒன்றே. ஆகவே இரண்டும் சேர்ந்தால் போதும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு. அந்தோணி, சவரி, பிலோமினா என்று மூவர் உடன்பிறந்தோர். மூவரும் வெவ்வேறு வயதினர். மூத்தவர் யார்? முதற்கூற்று: சவரி அந்தோணிக்கு மூத்தவர். இரண்டாம் கூற்று: பிலோமினா அந்தோணிக்கு மூத்தவர். இரண்டையும் சேர்த்தாலும், சவரி, பிலோமினா ஆகிய இருவருள் மூத்தவர் யார் என்பது தெரியாது. ஆகவே போதாது. ஆனால் இளையவர் யார் என்று கேட்டிருந்தால், அந்தோணி என்று உறுதியாகச் சொல்லலாம். அதே இரண்டு கூற்றுகள் அப்போது போதுமானவை ஆகிவிடுகின்றன. ஒரு செய்தி போதுமா என்பது அச்செய்தியை மட்டும் பொறுத்ததன்று. எந்தக் கேள்விக்கு என்பதையும் பொறுத்தது. இதை நினைவில் இருத்துக. பின்னர் மீண்டும் இதற்கு வருவோம்.

மூன்றாவது, ஆம் அல்லது இல்லை என்று விடை வரும் வினா. ஒரு பங்கின் பாடகர் குழுவில் 30-க்கு மேற்பட்டோர் இருக்கிறார்களா? முதற்கூற்று: குழுவில் 20-க்கு மேற்பட்டோர் உளர். இரண்டாம் கூற்று: குழு இருமடங்கானாலும் 60 பேரை எட்டாது. முதற்கூற்று போதாது, 25 பேரும் இருக்கலாம், 35 பேரும் இருக்கலாம். இரண்டாவதன்படி குழுவினர் 30-க்குக் குறைந்தவர்களே. எனவே விடை "இல்லை" என்பது உறுதி. இங்கேதான் பல மாணவர்கள் இடறுகிறார்கள். விடை "இல்லை" என்று வந்ததும் கூற்றும் போதவில்லை என்று குறித்துவிடுகிறார்கள். உறுதியான "இல்லை"யும் ஒரு விடையே. "ஆகட்டும், இல்லை எதுவாயினும் ஐயமின்றி ஒன்று கிடைத்ததா?" என்று மட்டுமே பார்க்க வேண்டும்.

நான்காவதாக, அந்த இளைஞன் நம் கண்முன்னே போட்ட கணக்கைச் சொல்கிறோம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லியை வைத்தே ஒன்றை எழுதிக் கொடுத்தோம். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் ஒருவர் வாங்கிய மல்லி கிலோ என்ன விலை? முதற்கூற்று: அன்று கனகாம்பரம் கிலோ 400 ரூபாய். இரண்டாம் கூற்று: அவர் 3 கிலோ மல்லியும் 2 கிலோ கனகாம்பரமும் 2,900 ரூபாய்க்கு வாங்கினார்.

அவன் விரைவாக எழுதினான். கனகாம்பரத்துக்கு 800 போனால் மீதி 2,100. மூன்றால் வகுத்தால் 700. "கிலோ 700 ரூபாய் ஐயா" என்றான், முகம் மலர்ந்தது. "எந்தத் தெரிவைக் குறிப்பாய்?" என்றோம். "முதற்கூற்றில் மல்லியே இல்லை. இரண்டாவதில் கணக்கு வந்துவிட்டது. ஆகவே இரண்டாம் கூற்று மட்டும் போதும்" என்றான். அந்த 400 எங்கிருந்து வந்தது என்று வினவினோம். சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவன், "அடடா! முதற்கூற்றிலிருந்து நானே கொண்டுவந்துவிட்டேன்" என்றான்.

நோய் இன்னதென்று புலப்பட்டது. முதற்கூற்றைப் படித்தபின் அதை மறக்காமலேயே இரண்டாவதை ஆராய்ந்திருக்கிறான். கணக்கு சரி, விடை தப்பு. போதாக்குறைக்கு, 700 என்று கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இல்லை. கண்டுபிடிக்க முடியும் என்று தெரிந்த அக்கணமே எழுதுகோலை நிறுத்தியிருக்க வேண்டும். அவன் செலவிட்ட நிமிடங்கள் எல்லாம் எவரும் கேளாத விடைக்காகச் செலவானவை.

இதே கணக்கில் இன்னொரு கண்ணியும் உண்டு. முதற்கூற்று, 3 கிலோ மல்லியும் 2 கிலோ கனகாம்பரமும் 2,900 ரூபாய் என்றும், இரண்டாம் கூற்று, 6 கிலோ மல்லியும் 4 கிலோ கனகாம்பரமும் 5,800 ரூபாய் என்றும் இருந்தால்? தெரியாதவை இரண்டு, சமன்பாடுகள் இரண்டு. ஆகவே போதும் என்று குறிப்பவர் பலர். உற்று நோக்கினால், இரண்டாவது முதலாவதன் இருமடங்கே. புதிதாக ஒன்றையும் அது சொல்லவில்லை. ஒரே வதந்தியை இருவர் வாயிலாகக் கேட்டுவிட்டு, இரண்டு சாட்சிகள் உண்டு என்பது போன்றது இது.

பிறகு ஊகம் என்னும் கண்ணி. ஒரு வயலின் சுற்றளவு 160 மீட்டர், பரப்பளவு என்ன? வயல் சதுரம் என்று கேள்வியிலேயே சொல்லியிருந்தால், பக்கம் 40 மீட்டர், போதும். செவ்வகம் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதாது. 50-க்கு 30 ஆகவும் இருக்கலாம், 60-க்கு 20 ஆகவும் இருக்கலாம். படத்தில் சதுரம் போலத் தோன்றுகிறது என்பதற்காக நாமே சதுரமாக்கிக்கொள்ளக் கூடாது. ஒரு கூற்று போதுமா என்று ஐயம் எழுந்தால், அக்கூற்றுக்குப் பொருந்தும் இரண்டு வெவ்வேறு நிலைமைகளைக் கற்பனை செய்து பாருங்கள். இரண்டும் வெவ்வேறு விடை தந்தால், கூற்று போதாது. இது தப்பாத உரைகல்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஐந்து தெரிவுகளின் வரிசை எல்லாத் தேர்வுகளிலும் ஒன்றன்று. வங்கித் தேர்வு நூல்களில் வழக்கமாக மூன்றாம் தெரிவு "எது ஒன்றும் தனியே போதும்" என்றிருக்கும். ஜிமேட் தேர்விலோ அதே இடத்தில் "இரண்டும் சேர்ந்தால் போதும்" என்றிருக்கும். மனப்பாடத்தை நம்பாமல், தாளில் உள்ள அறிவுறுத்தலை ஒருமுறை படித்துவிட வேண்டும்.

மற்றொன்று, "போதாது" என்பதற்கும் "எனக்குத் தெரியவில்லை" என்பதற்கும் உள்ள வேறுபாடு. களைத்துப் போன மாணவன், தனக்கு வழி புலப்படாதபோதெல்லாம் "இரண்டும் சேர்ந்தாலும் போதாது" என்று குறித்துவிடுகிறான். அது தவறு. எவர் வந்தாலும் இச்செய்திகளைக் கொண்டு விடை காண வழியில்லை என்று காட்ட முடிந்தால்தான் அதைக் குறிக்க வேண்டும். தனக்குத் தெரியவில்லை என்றால், அவ்வினாவை விட்டுவிடுவதே நேர்மை; இலாபமும் அதுவே. வெறுமனே விட்ட வினாவுக்குக் கழிவு இல்லை. ஊகித்துத் தவறியதற்கே கழிவு.

இவ்வளவையும் அந்த வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தபோது, தந்தையும் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பூக்கணக்கு அவருக்கும் சுவையாக இருந்தது. அப்போது நாம் அவர்பக்கம் திரும்பினோம். "ஐயா, தங்களுக்கும் ஒரு கணக்கு. கேள்வி: மகன் உழைத்தானா, இல்லையா? கூற்று ஒன்று: முதல் தேர்வில் தவறினான். கூற்று இரண்டு: இரண்டாம் தேர்விலும் தவறினான். போதுமா, போதாதா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. மகனின் நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தார். "தேறினானா என்று கேட்டால் போதும். உழைத்தானா என்று கேட்டால் போதாது" என்றார் மெதுவாக. ஏடுகளில் நாம் தேடிய விளக்கத்தை உழவர் ஒருவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மூத்தவர் யார், இளையவர் யார் என்ற கணக்கு இதுதானே! தவறியது என்ற செய்தி ஒரு கேள்விக்குப் போதும். மற்றொரு கேள்விக்குப் போதாது. இரண்டாம் முறை தவறியதும் மல்லிக் கணக்கின் இருமடங்குச் சமன்பாடு போன்றதே. உழைப்பைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

நம் வீடுகளில் இக்கணக்கை நாள்தோறும் தவறாகப் போடுகிறோம். மருமகள் தாய்வீட்டுக்கு அடிக்கடி பேசுகிறாள். ஆகவே நம்மைக் குறை சொல்கிறாள். பக்கத்து வீட்டார் இரண்டு ஞாயிறாகக் கோயிலுக்கு வரவில்லை. ஆகவே விசுவாசம் தளர்ந்துவிட்டது. பெண் பார்த்துச் சென்றவர்கள் பதில் சொல்லவில்லை. ஆகவே யாரோ கலைத்துவிட்டார்கள். இவை யாவும் செவ்வகத்தைச் சதுரமாக்கிக்கொண்ட கணக்குகள். 1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதனை அவசரத் தீர்ப்பு என்று குறிக்கிறது. அயலார் குற்றம் செய்தார் என்று போதிய அடிப்படையின்றி மனத்துக்குள் ஏற்றுக்கொள்வதையே அது நற்பெயருக்கு எதிரான பாவங்களுள் ஒன்றாக வைத்துப் போதிக்கிறது. வாயைத் திறக்காவிட்டாலும் அது குற்றமே.

இதே கேள்வி நம் மதுரையில் நானூறு ஆண்டுகளுக்கு முன் பெரிய அளவில் எழுந்ததுண்டு. 1606-இல் இத்தாலியரான இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். தத்துவ போதகர் என்று நம் முன்னோர் போற்றியவர் அவரே. துறவியின் உடை தரித்து, புலால் மறுத்து, தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். தம்மிடம் திருமுழுக்குப் பெற்ற உயர்குலத்தார் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளவும் சந்தனம் அணியவும் இசைந்தார். அவருக்கு முன்பே மதுரையில் பணியாற்றி வந்த போர்த்துக்கீசியத் துறவி கொன்சாலோ பெர்னாண்டஸ் இதை ஒப்பவில்லை; 1610-இல் மேலிடத்துக்கு முறையிட்டார்.

கேள்வி இதுதான்: பூணூல் பிற சமய வழிபாட்டின் அடையாளமா, அல்லது குலத்தையும் நிலையையும் காட்டும் சமூக அடையாளமா? பிற சமயத்தார் அதை அணிகின்றனர் என்ற ஒரு செய்தியே போதும் என்றனர் எதிர்த்தோர். அது போதாது, எதற்காக அணிகின்றனர் என்பதும் தெரிய வேண்டும் என்றார் தெ நொபிலி. நூல்களை ஆராய்ந்தார், மதுரை அந்தணர்களிடமே எழுத்துச் சான்றுகள் பெற்றார். 1619-இல் கோவாவில் கூடிய மாநாட்டில் பெரும்பான்மையோர் அவருக்கு எதிராகவே நின்றனர். வழக்கு உரோமை வரை சென்றது. 1623 ஜனவரி 31-ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை எதுவும் கலவாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளுடன், திருப்பீடம் வேறு விதமாக முடிவு செய்யும் வரை அவ்வழக்கங்களை அனுமதித்தார்.

தெ நொபிலியின் வழிமுறையைப் பற்றி, குறிப்பாக அது சாதி வேற்றுமையை எவ்விதம் நோக்கியது என்பது பற்றி, இன்றும் மாறுபட்ட கருத்துகள் உண்டு; விவாதமும் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. நாம் இங்கே கவனிக்க விரும்புவது அத்தீர்ப்பின் அளவை. கையிலிருந்த சான்று எவ்வளவு பாரம் தாங்குமோ அவ்வளவே அதன்மேல் ஏற்றப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவரின் பேச்சும் கேட்கப்பட்டது. முறையீட்டுக்கும் தீர்ப்புக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. நாமோ வீட்டில் பதின்மூன்று நொடிகளில் தீர்ப்பெழுதிவிடுகிறோம்.

பெற்றோர்களுக்கு ஒரு யோசனை. மாலையில் செபமாலை முடிந்தபின் பத்து நிமிடம் பிள்ளைகளோடு அமருங்கள். அன்றைய நாளிதழிலிருந்தோ தெருப் பேச்சிலிருந்தோ ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக்கொண்டு எந்தக் கேள்விக்கு விடை சொல்லலாம், எந்தக் கேள்விக்குச் சொல்ல முடியாது என்று பிள்ளைகளையே பிரிக்கச் சொல்லுங்கள். போதாது என்றால், இன்னும் எந்த ஒரு செய்தி கிடைத்தால் போதும் என்றும் கேளுங்கள். தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் பிள்ளை நாளொன்றுக்குப் பத்து வினாக்களை, விடையைக் கணக்கிடாமல், "போதும்", "போதாது" என்று மட்டும் எழுதிப் பழகட்டும். ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதட்டும். செலவில்லாத இப்பயிற்சி தேர்வுக்கும் உதவும், வீட்டின் அமைதிக்கும் உதவும்.

அந்தக் குடும்பம் விடைபெற்றபோது, தந்தை மகனின் நோட்டுப் புத்தகங்களைத் தாமே வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இன்னும் ஒரு தடவை எழுதட்டும் ஐயா" என்றார். தாயின் முகத்தில் தெளிவு வந்தது. மகன் இப்போது தரையைப் பார்க்கவில்லை.

வரும் தேர்வில் அவன் வென்றுவிடுவானா என்று வாசகர்கள் கேட்கக் கூடும். அதைச் சொல்ல நம் கையில் உள்ள செய்தி போதாது. அவன் உழைக்கிறவன் என்று சொல்லப் போதும். அவனுக்காகச் செபிப்பதற்கோ அதுவே மிகுதி.